பரு மருந்துகளைச் சேர்த்துப் பூசும்போது வரும் தொல்லைகள்: அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழி

பருவுக்கு வாங்கிய மருந்தால் முகத்தில் தொல்லை வந்துவிட்டால், நம்மில் பலர் உடனே செய்வது அந்தத் தொல்லைக்கு இன்னொரு ட்யூப் வாங்குவது. சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் 17 ஆண்டுகளாக மருந்தாளுநராக இருக்கும் நான் இதைத்தான் நாள்தோறும் பார்க்கிறேன். மருந்து போதாமல் வரும் தொல்லையைவிட, ஒரே வாரத்தில் மூன்று நான்கு மருந்துகள் ஒரே முகத்தில் ஏறுவதால் வரும் தொல்லையே அதிகம். அதனால் கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும், எதை நிறுத்துவது என்பதைத்தான் முதலில் சொல்லியிருக்கிறேன். எதைச் சேர்ப்பது என்பது அதற்குப் பிறகு வரும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்று. மருந்து பூசிய சில நிமிடங்களிலோ ஒரு நாளுக்குள்ளோ இமை, உதடு, நாக்கு வீங்கினாலும், தொண்டை அடைத்தாலும், மூச்சு வாங்கினாலும், மயக்கம் வந்தாலும் அது கடுமையான ஒவ்வாமையாக இருக்கலாம். முகத்தைக் கழுவிவிட்டு உடனே 108-ஐ அழையுங்கள். மேற்கொண்டு படிக்க வேண்டாம். பென்சாயில் பெராக்சைடு, சாலிசிலிக் அமிலம் ஆகிய இரண்டும் அரிதாக இப்படிச் செய்யக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014-இல் எச்சரித்தது. முதல்முறை பூசுகிறவர்கள் ஒன்றிரண்டு சிறு இடங்களில் மட்டும் மூன்று நாட்கள் பூசிப் பார்க்க வேண்டும் என்றும் அப்போது அறிவுறுத்தியது. எந்தப் புதிய பரு மருந்துக்கும் இந்த மூன்று நாள் சோதனையைச் செய்யச் சொல்வது என் வழக்கம்.

தொடங்குமுன்: எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

ஒரு செய்தித்தாளை விரித்து, முகத்தில் படும் எல்லாவற்றையும் அதன்மேல் வையுங்கள்: ஃபேஸ்வாஷ், சீரம், க்ரீம், களிம்பு, அக்கா கொடுத்த ட்யூப், பார்லரில் கொடுத்த டப்பா, அரைத்து வைத்த பொடி எல்லாம். பிறகு பெரிய எழுத்தில் உள்ள வணிகப் பெயரை விட்டுவிட்டு, கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரையும் சதவீதத்தையும் படியுங்கள். ஒரே வணிகப் பெயரோடு ஓர் எழுத்து கூடினாலே உள்ளே இருக்கும் மருந்து மாறிவிடும் என்பதால், இந்தப் படியைத் தவிர்க்கவே முடியாது.

போன சித்திரையில் ஒரு கல்லூரி மாணவி தன் கைப்பையிலிருந்து ஐந்து பொருள்களை எங்கள் கடைக் கண்ணாடியின்மேல் வரிசையாக வைத்தார். சாலிசிலிக் அமில ஃபேஸ்வாஷ், 5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல், கிளின்டாமைசினும் பென்சாயில் பெராக்சைடும் சேர்ந்த இன்னொரு ஜெல், ட்ரெட்டினாயின் க்ரீம், வைட்டமின் சி சீரம். அவருடைய மூக்கின் இரு ஓரங்களிலும் தோல் வெங்காயச் சருகுபோல எழும்பி நின்றது, வாயோரம் வெடித்திருந்தது. ஐந்தில் ஒன்றுகூடக் கெட்ட பொருள் இல்லை. ஆனால் பென்சாயில் பெராக்சைடு இரண்டு ட்யூப்களில் இருப்பதை அவர் அறிந்திருக்கவில்லை. தோலை உரிக்கும் தன்மையுள்ளவற்றைக் காலையும் இரவும் சேர்த்து நாளுக்கு ஐந்து முறை பூசிக்கொண்டிருந்தார். அன்று நான் அவருக்கு விற்றது வாசனையில்லாத ஒரு மாய்ஸ்சரைசர் மட்டுமே.

எது எந்த வேலையைச் செய்கிறது என்பதைச் சுருக்கமாக நினைவில் வைத்தால் மற்றவை எளிதாகப் புரியும். அடாபலீனும் ட்ரெட்டினாயினும் ரெட்டினாய்டு வகை. துளைகள் அடைபடாமல் காக்கும். பென்சாயில் பெராக்சைடு பருக் கிருமியைக் கொல்லும்; அதற்கு எதிராகக் கிருமி பழகிக்கொள்வதில்லை. கிளின்டாமைசின் ஓர் ஆன்டிபயாடிக். அதற்கு எதிராகக் கிருமி பழகிக்கொள்ளும். சாலிசிலிக் அமிலம் துளைக்குள் இருக்கும் அடைப்பைத் தளர்த்தும். அசெலாயிக் அமிலம் பருவுக்கும் பரு விட்டுச் செல்லும் கருமைக்கும் உதவும். வெவ்வேறு வேலை செய்யும் இரண்டைச் சேர்ப்பது நல்ல சிகிச்சை. ஒரே வேலை செய்யும் இரண்டைச் சேர்ப்பது தோலுக்குச் சுமை.

எரிகிறது, இழுக்கிறது, உரிகிறது

இந்தப் புகாரே அதிகம் வருவதால் இதில் சற்று நேரம் நிற்கிறேன். முதலில் வெறும் தண்ணீரால் ஒரு சோதனை செய்யுங்கள். காலையில் எதுவும் பூசாத முகத்தில் குளிர்ந்த தண்ணீரை மெதுவாகத் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் எரியாமல், மூக்கோரமும் முகவாயும் மட்டும் இலேசாக உலர்ந்து உரிந்தால், அது ரெட்டினாய்டு தொடங்கிய முதல் சில வாரங்களில் பலருக்கும் வருவதுதான். பூசும் நாட்களைக் குறைத்தாலே அடங்கும். தண்ணீரே எரிந்தாலோ, நேற்றுவரை பழகிய மாய்ஸ்சரைசர்கூடச் சுரீரென்றாலோ, தோலின் மேலுள்ள காப்பு அடுக்கு சேதமாகிவிட்டது என்று பொருள்.

அப்படியானால் எல்லா மருந்தையும், அந்தச் சாலிசிலிக் ஃபேஸ்வாஷ் உட்பட, நிறுத்திவிடுங்கள். மென்மையான க்ளென்சர், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்க்ரீன் ஆகிய மூன்று மட்டும் போதும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தண்ணீர் எரிவது நின்றுவிடும். அது நிற்கும்வரை எதையும் திரும்பத் தொடங்காதீர்கள். அந்த நாட்களில் நான்கு பரு கூடுதலாக வந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். நம்மைப் போன்ற மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் எரிச்சல் சிவப்பாகத் தெரியாமல், சற்றுக் கருத்தோ ஊதா படர்ந்தோ தெரிவதால் பலர் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் அந்த எரிச்சலே மாதக்கணக்கில் நிற்கும் கருமையை விட்டுச் செல்கிறது. “எரிந்தால்தான் வேலை செய்கிறது” என்று யாராவது சொன்னால், அதை நம்பாதீர்கள் என்று உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

தோல் அடங்கியபின் ஒரே ஒரு மருந்தோடு திரும்ப வேண்டும். அடாபலீன் 0.1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரவில் முகம் கழுவி, ஈரம் முழுவதும் போகும்வரை 20 நிமிடம் காத்திருந்து, முழு முகத்துக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு மட்டும் எடுத்து, கண்ணோரம், மூக்கோரம், உதட்டோரம் ஆகியவற்றைத் தவிர்த்து மெல்லியதாகப் பூசுங்கள். எளிதில் எரியும் தோலானால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் மருந்து, மறுபடி மாய்ஸ்சரைசர் என்று பூசலாம். முதல் இரண்டு வாரம் மூன்று நாளைக்கு ஒரு முறை, அடுத்த இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதையும் தோல் தாங்கினால் தினமும் என்று போகலாம். இரண்டாவது மருந்தைச் சேர்க்க வேண்டியிருந்தால், முதலாவது பழகி ஒரு மாதம் ஆனபிறகு, பென்சாயில் பெராக்சைடைக் காலையில் தொடங்குங்கள். அதிலும் 2.5 சதவீதமே போதும்; சிவந்த பருக்களுக்கு 5, 10 சதவீதங்கள் தரும் பலனை ஏறத்தாழ அதுவும் தருகிறது, எரிச்சல் குறைவு.

சதவீதம் ஏதும் எழுதாத பொருள்களையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். ஏற்காட்டிலிருந்து ஆரஞ்சு வாங்கிவரும் வீடுகளில் தோலை நிழலில் உலர்த்தி அரைத்துப் பயத்தமாவோடு கலந்து வைப்பது பழைய வழக்கம். சும்மா இருக்கும் தோலுக்கு அதனால் பெரிய தீங்கு வராமல் போகலாம். ஆனால் ரெட்டினாய்டு பூசும் தோலில் அந்தச் சொரசொரப்பான பொடியைத் தேய்ப்பது, உரிந்த இடத்தை மீண்டும் உரிப்பதாகும். எலுமிச்சைச் சாறும் டூத்பேஸ்ட்டும் எந்தத் தோலுக்குமே வேண்டாம். போர்வெல் உப்புத் தண்ணீர் வரும் தெருக்களில் கட்டிச் சோப்பு நுரைக்காமல் தோலில் படிந்துவிடும். அங்கே இருப்பவர்கள் சோப்பை விட்டு மென்மையான க்ளென்சருக்கு மாறினாலே பாதி இழுவை குறைவதை நான் கண்டிருக்கிறேன்.

பார்லர் பற்றி ஒரு சொல். ரெட்டினாய்டு பூசும் இடத்தில் வேக்ஸிங் செய்தால் முடியோடு மேல்தோலும் சேர்ந்து வந்துவிடும். த்ரெட்டிங்கிலும் மேலுதட்டில் சிராய்ப்பு விழும். ஒரு வாரம் முன்பே அந்த இடத்தில் மருந்தை நிறுத்துங்கள். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது புதிய பரு மருந்து கேட்டு வரும் மணப்பெண்களுக்கு நான் எதையும் கொடுப்பதில்லை. மூன்று மாதம் முன்னால் தொடங்கியிருக்க வேண்டியது அது. இப்போது தொடங்கினால் உரியும் முகத்தோடுதான் மணவறையில் உட்கார வேண்டியிருக்கும்.

மருந்து பூசியபின் பரு கூடிவிட்டது

இதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. ரெட்டினாய்டு தொடங்கி ஆறு எட்டு வாரத்துக்குள், வழக்கமாகப் பரு வரும் இடத்திலேயே, சிறு சிறு பருக்கள் எழுந்து சீக்கிரம் அடங்கினால், உள்ளே இருந்த அடைப்புகள் வெளிவருகின்றன என்று கொள்ளலாம், பூசுவதைத் தொடருங்கள். இதுவரை பரு வராத இடத்தில் எரிச்சலோடு வந்தால் அது மருந்தின் காந்தலே. மேலே சொன்னபடி நிறுத்தி, மெதுவாகத் திரும்புங்கள்.

மூன்றாவது, நெற்றியிலும் முடியோரத்திலும் மார்பிலும் முதுகிலும் ஒரே அளவில், கடுகை இறைத்ததுபோல எழும்பி அரிக்கும் பொடிப் பருக்கள். பரு அவ்வளவாக அரிப்பதில்லை. அரிப்பே முதன்மையாக இருந்தால் மலசீசியா என்னும் பூஞ்சையால் வரும் மயிர்க்கால் அழற்சியாக இருக்கக்கூடும். சேலத்தின் பங்குனி சித்திரை வியர்வையில் இது மிகுதியாகக் காணப்படுகிறது. ஆன்டிபயாடிக் பூசினால் இது குறைவதற்கு மாறாகக் கூடலாம். கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துக்கு இது அடங்கும். ஆனாலும் மருத்துவர் ஒருமுறை பார்த்து உறுதி செய்வது நல்லது. நெற்றியில் மட்டும் பொடிப்பொடியாக, அரிப்பில்லாமல் இருந்தால் தலை எண்ணெயைச் சந்தேகியுங்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட்டுவிடச் சொல்லவில்லை. எண்ணெயை நெற்றிக்கு வழியவிடாமல் வைத்து, சீயக்காய் தேய்த்த கையோடு நெற்றியையும் நன்றாகக் கழுவி, தலையணை உறையை மாற்றிப் பாருங்கள்.

நான்காவது காரணமான ஸ்டீராய்டைத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

இரண்டு மாதம் ஆகியும் ஒன்றும் குறையவில்லை

பூசும் முறையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பருவின் தலையில் மட்டும் புள்ளி வைப்பதுபோலப் பூசினால் ரெட்டினாய்டு பயன் தராது. வந்த பருவைவிட வரப்போகும் பருவைத் தடுப்பதே அதன் முதன்மையான வேலை என்பதால், பரு வரும் பகுதி முழுவதும் பூச வேண்டும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். நான்காவது வாரத்தில் மருந்தை மாற்றுகிறவர்கள் எந்த மருந்தின் பலனையும் காண்பதில்லை.

அடுத்து, ஒன்றை ஒன்று கெடுக்கும் சேர்க்கை இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமான ட்ரெட்டினாயின் க்ரீமைப் பென்சாயில் பெராக்சைடு ஆக்ஸிஜனேற்றிச் சிதைத்துவிடும். வெளிச்சமும் சேர்ந்தால் சிதைவு இன்னும் விரைவு. ஆகவே ட்ரெட்டினாயின் இரவுக்கும் பென்சாயில் பெராக்சைடு காலைக்கும் என்று பிரித்துவிடுங்கள். அடாபலீனுக்கு இந்தச் சிக்கல் இல்லை; அதனால்தான் அடாபலீனும் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடும் ஒரே ட்யூபில் வருகின்றன. வைட்டமின் சி சீரமும் பென்சாயில் பெராக்சைடோடு ஒரே வேளையில் வீணாகும். சீரங்களில் சேர்க்கப்படும் நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை) எதனோடும் பெரிதாக மோதுவதில்லை.

மூன்றாவதாக, கிளின்டாமைசினைத் தனியாகப் பூசுகிறீர்களா? அப்படிப் பூசினால் தொடக்கத்தில் குறைந்து, சில மாதங்களில் கிருமி பழகி, மருந்து பலனற்றுப்போகும். பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்தே பூச வேண்டும். சாதாரணமாக மூன்று மாதத்துக்குமேல் நீட்டக் கூடாது. ஒரே கிளின்டாமைசின் ஜெல்லை ஓராண்டாக வாங்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் இதைச் சொல்ல நான் தாமதித்துவிட்டேன் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

வைக்கும் இடமும் முக்கியம். சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கியில் மருந்து கிடந்தால் கெட்டுவிடும். பென்சாயில் பெராக்சைடு சூட்டில் சிதைந்து பென்சீன் உண்டாகும் என்பது ஆய்வுகளில் காட்டப்பட்டு, 2025-இல் அமெரிக்காவில் சில தயாரிப்புகள் திரும்பப் பெறப்பட்டன. அங்கே சோதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றில் அது இல்லை, அல்லது மிகக் குறைவு. பயந்து மருந்தை எறிய வேண்டாம். குளிர்ச்சியான, வெயில் படாத இடத்தில் வையுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள்.

துணி வெளுக்கிறது, தோல் மஞ்சளாகிறது

பென்சாயில் பெராக்சைடு சாயத்தை வெளுக்கும். எங்கள் பகுதித் தறிக்காரர் ஒருவர், பாவில் நூல் கோக்கும்போது கழுத்திலும் முகவாயிலும் பூசியிருந்த ஜெல் விரலில் ஒட்டியதை அறியாமல், அரக்கு நிறப் பட்டுக் கரையில் விரல்நுனி அளவுக்குச் செம்பழுப்புப் புள்ளிகள் விழுந்ததைக் கொண்டுவந்து காட்டினார். துவைத்தால் அது போகாது, ஏனென்றால் அது கறையே இல்லை, சாயம் போன இடம். சாயத்துணியோடு வேலை செய்பவர்கள் காலையில் பூசுவதை விட்டு, கழுவி எடுக்கும் வகை பென்சாயில் பெராக்சைடை இரவில் சில நிமிடம் வைத்துக் கழுவலாம். பூசிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். துண்டும் தலையணை உறையும் வெள்ளையாக இருக்கட்டும்.

தோலோ மீசை தாடி முடியோ தற்காலிகமாக மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறமானால், டாப்சோன் என்னும் இன்னொரு பரு மருந்தின் ஜெல்லும் பென்சாயில் பெராக்சைடும் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டையும் வெவ்வேறு வேளைக்கு மாற்றினால் போதும். ஏறிய நிறம் தானே போய்விடும்.

பரு போனாலும் கருமை போகவில்லை

இங்கே குற்றவாளி பெரும்பாலும் வெயில். கீழே சேலத்தில் வெயில் சுடுவதால் குடை பிடிக்கிறோம். ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் குளிர்காற்று வீசுவதால் அதை மறந்துவிடுகிறோம். ஆனால் 1000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். ஞாயிற்றுக்கிழமை படகுத்துறையிலும் சேர்வராயன் கோயில் மேட்டிலும் சுற்றிவிட்டு, திங்கட்கிழமை முகம் கருத்துக் கடைக்கு வருகிறவர்கள் ரெட்டினாய்டைக் குறை சொல்கிறார்கள். காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: நிழல் மரம் இருந்தாலும் முகத்துக்கு எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீன், இரண்டு விரல் நீளம் எடுத்து, வெளியில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. இரும்பு ஆக்சைடு சேர்ந்த நிறமுள்ள சன்ஸ்க்ரீன் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுப்பதால் கருமைக்கு இன்னும் நல்லது. அதோடு அசெலாயிக் அமிலம் சேர்க்கலாம். தொடக்கத்தில் சற்று ஊசி குத்துவதுபோல இருக்கும், சில வாரத்தில் பழகிவிடும்.

அந்த க்ரீமை நிறுத்தினால் முகம் பொங்குகிறது

பூசினால் இரண்டே நாளில் முகம் பளிச்சிடுகிறது, நிறுத்தினால் சிவந்து எரிந்து ஒரே மாதிரிப் பருக்கள் எழுகின்றன என்றால், ட்யூபைத் திருப்பிப் படியுங்கள். மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளூசினோலோன் ஆகிய பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மங்குவுக்குக் குறுகிய காலத்துக்கு மருத்துவர் எழுதும் மூன்று மருந்துக் கலவையில் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் உண்டு. அதைப் பலர் நிறம் கூட்டும் க்ரீமாக மாதக்கணக்கில் பூசுகிறார்கள். 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்க முடியாத ஹெச் அட்டவணைக்குள் கொண்டுவந்த பின்னும் இது நிற்கவில்லை என்பதை, என் தொழிலில் இருக்கும் ஒருவனாக மிகுந்த வேதனையோடு சொல்கிறேன். பெயரே அச்சிடாத டப்பா க்ரீமாக இருந்தால் அதையும் இதே சந்தேகத்தோடு பாருங்கள்.

இதன்மேல் எந்தப் பரு மருந்தையும் சேர்க்காதீர்கள். பல மாதம் பூசியவர்கள் தாமாக ஒரே நாளில் நிறுத்துவதையும் தவிர்த்து, தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் வேகத்தில் இறங்க வேண்டும்.

கடையில் தீராதவை

கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்கு முயல்கிறவர்களும் அடாபலீன், ட்ரெட்டினாயின், டாசரோட்டீன் ஆகிய ரெட்டினாய்டுகள் எதையும் பூசக் கூடாது. அவர்களுக்கு அசெலாயிக் அமிலத்தையும் பென்சாயில் பெராக்சைடையுமே மருத்துவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். வலிக்கும் பெரிய கட்டிகள், குழி விழும் தழும்புகள், மாதவிலக்கு தள்ளிப்போவதோடு முகவாயில் முடியும் பருவும் சேர்ந்து வருவது, முறையாக மூன்று மாதம் பூசியும் குறையாதது ஆகியவற்றுக்குப் பூசும் மருந்து மட்டும் போதாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ, உங்களுக்குப் பழகிய தோல் மருத்துவரிடமோ செல்லுங்கள். போகும்போது அந்தச் செய்தித்தாளில் பரப்பி வைத்த எல்லாவற்றையும், தீர்ந்துபோன ட்யூபையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஒவ்வொன்றின்மேலும் எந்தத் தேதியில் தொடங்கினீர்கள், எந்த வேளையில் பூசினீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்று பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள்.